ஃபியூசியாவுக்கு ஊற்றிய பால்

ஏப்ரல் நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நகராட்சித் தோட்டக் குழுவுக்கு இப்போது பொறுப்பாக இருக்கிற பெண் பேசினாள். பரிஸின் லாச்சப்பலில் நான் பதினெட்டு வருடம் வேலை செய்த அந்தச் சின்னப் பூங்காவில் ஃபியூசியாப் பூச்செடி வரிசையைத் தோண்டி எடுத்துவிட்டு வேறு ஏதாவது வைக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். "எல்லாம் செத்துப்போயிற்று, வெறும் குச்சிதான் நிற்கிறது" என்றாள்.

ஏப்ரல் மாதத்தில் ஃபியூசியா செத்துப்போயிற்று என்று சொல்கிற யாரையும் நான் நம்புவதில்லை. "மண்வெட்டியைக் கீழே வையுங்கள், என்ன செய்யவேண்டும் என்று எழுதித் தருகிறேன்" என்றேன். அன்றைக்கே உட்கார்ந்து பிரெஞ்சில் இரண்டு பக்கம் எழுதினேன். எப்போது மூடுவது, எப்போது திறப்பது, எப்போது வெட்டுவது, எதுவரை பொறுப்பது. எல்லாம் கடகடவென்று வந்தது. ‘குளிர்காலத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது' என்ற வரியில் மட்டும் பேனா நின்றுவிட்டது. அந்த வரி எனக்கு எப்படித் தெரிந்தது என்பது அலுவலகத் தாளில் எழுதுகிற விஷயம் அல்ல. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் தோட்டக்காரனாகப் பிறந்தவன் அல்ல. யாழ்ப்பாணத்தில் தகப்பனார் தபால் கந்தோரில் இருந்தார். வீட்டில் ஒரு வெங்காயம்கூட நட்டதில்லை. பரிஸுக்கு வந்து பதினொரு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். விசா நிரந்தரமான பிறகு, கையில் எப்போதும் சவர்க்காரம் மணக்காத ஒரு வேலை வேண்டும் என்று நகராட்சித் தோட்டப் பயிற்சிக்கு எழுதிப் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் படித்ததில் லத்தீன் பெயர்கள் பாதி மறந்துவிட்டன. கத்தரிக்கோலைத் தீட்டுகிற விதம் மட்டும் கையில் நின்றது. அவ்வளவோடு இந்தப் பூங்காவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே எனக்கு மேலதிகாரி ஆர்மெல். என்னைவிட ஏழு வயது இளையவர். பிரான்சின் மேற்குக் கரையில் இருக்கிற பிரித்தானிப் பக்கத்தவர். அங்கே ஃபியூசியா வேலியாகவே வளருமாம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் நல்லது என்று நினைத்த நாட்கள் உண்டு. காற்சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தியும் ஒரு கொப்பியும் வைத்திருப்பார். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லமாட்டார். குனிந்து, தண்டின் அடியில் கத்தி முனையால் மெல்லச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்.

முதல் வசந்தத்தில் நான் ஒரு வேலை செய்தேன். ஃபியூசியா வரிசையில் மூன்று செடிகள் காய்ந்த விறகுபோல நின்றன. எங்கள் ஊரில் செடி காய்ந்தால் காய்ந்ததுதான், இலையே இல்லாமல் நாலைந்து மாதம் நிற்கிற உயிரை நான் கண்டதில்லை. ஆர்மெல் வருவதற்குள் இடத்தைத் துப்புரவாக்கி நல்ல பெயர் வாங்குவோம் என்று மூன்றையும் பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டேன். அவர் வந்தார். வண்டியைப் பார்த்தார். மூன்றையும் எடுத்து, ஆட்கள் உட்காருகிற வாங்கில் வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொரு வேரையும் கத்தியால் கீறிக் காட்டினார். உள்ளே வெள்ளையும் பச்சையுமாக ஈரம் இருந்தது. ஒரு செடியில் மண்ணுக்குக் கீழே அரிசி அளவில் சிவப்பு முளைகூட வந்திருந்தது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவர் திட்டவில்லை. கொப்பியைத் திறந்து, என் பெயரைப் போட்டு ‘சிவம்: மூன்று' என்று எழுதி, எனக்குத் தெரிகிற மாதிரி பிடித்தார். பிறகு, "ஜூன் முடியும்வரை காத்திருப்போம். அதற்கு முன்னால் யாரும் ஃபியூசியாவைத் தோண்டுவதில்லை" என்றார்.

அந்த வேலையை அவரிடம் நான் கற்றுக்கொண்ட விதம் இது. நடும்போது பானையில் இருந்ததைவிட நான்கு விரல் ஆழமாக நடவேண்டும். செடியின் உயிர் தண்டில் இல்லை, தண்டும் வேரும் சேருகிற கழுத்தில் இருக்கிறது. அந்தக் கழுத்தை மண் மூடியிருந்தால் பனி தொடாது. இலையுதிர் காலத்தில் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. பழைய தண்டுகள் அசிங்கமாகத்தான் நிற்கும், நிற்கட்டும். அவை காற்றைத் தடுக்கும், மூடுகிற சருகைப் பிடித்து வைக்கும். நவம்பரில் முதல் உறைபனி கண்டதும் அடியில் காய்ந்த பன்னத்தை, அதாவது பெரணிச் சருகை, முழங்கால் உயரத்துக்குக் குவிக்கவேண்டும். பிளாத்தான் மர இலை வேண்டாம், அது நனைந்து ஈரச் சாக்குப்போலப் படுத்துவிடும். மார்ச்சில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவேண்டும். அடியில் முளை கண்ட பிறகே பழைய தண்டை ஒரு சாண் விட்டு வெட்டவேண்டும். மே நடுப்பகுதி தாண்டும்வரை பனிக்குப் பயந்து பக்கத்திலேயே கொஞ்சம் பன்னம் வைத்திருக்கவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, குளிரில் வேரடி காய்ந்தே இருக்கவேண்டும். குளிர் மட்டும் என்றால் இந்தச் செடி தாங்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் கழுத்து அழுகிவிடும்.

வரிசையின் கடைசிச் செடிக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு இருந்தது. கிழமைக்கு மூன்று நாள், பின்னேரம் நாலரை மணிபோல, ஒரு தமிழ்த் தம்பதி வந்து அதில் இருப்பார்கள். தருமலிங்கம் அண்ணை, அவருடைய மனைவி புவனேசக்கா. வீடு ரூ லூயி-பிளாங் என்கிற தெருவில், ஐந்தாம் மாடி, லிப்ட் இல்லை. அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார்கள். நாலு மணித்தியாலம் மெஷினில் கிடந்துவிட்டு வருகிறவர், அந்தப் படிகளை ஏறுவதற்கு முன்னால் இங்கே அரை மணித்தியாலம் இருந்து இளைப்பாறுவார். அண்ணை ஒரு உணவகக் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தவர், அக்காவுக்காக நேரத்தை மாற்றிக்கொண்டார்.

அக்கா அந்தச் செடியை முதல்முறை பூவோடு பார்த்துவிட்டு, "தம்பி, இது சிமிக்கியெல்லோ!" என்றார். உண்மைதான். சிவப்பும் ஊதாவுமாகத் தலைகீழாய்த் தொங்குகிற அந்தப் பூ, காதில் போடுகிற சிமிக்கி மாதிரித்தான் இருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஜூன் வந்தால், "என்ர சிமிக்கி வந்திட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டே வாங்குக்கு வருவார். அண்ணை, "கலியாணத்துக்குப் போட்ட சிமிக்கியை வித்துத்தானே இஞ்சை வந்தனீர், இனி இதைப் போடும்" என்று பகிடி விடுவார். மூன்று வருடம் அப்படிப் போனது. நாலாவது வருடத் தை மாதத்தில் அக்கா இறந்துபோனார்.

தகனம் செய்து, சாம்பலை அண்ணை கடலில் கரைத்துவிட்டார். மற்றவர்களுக்குக் கல்லறை இருக்கிறது, பூ வைக்கப் போகிறார்கள். நம்மில் பெரும்பாலானோருக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. ஊரிலென்றால் தகனத்துக்கு மறுநாள் காடாற்றின்போது சுடலையில் பால் ஊற்றலாம். இங்கே தகன நிலையத்தில் சாம்பலைப் பெட்டியில் போட்டுக் கையில் தந்துவிடுவார்கள், பால் ஊற்ற நிலம் இல்லை. இது எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அடுத்த வருடம் அண்ணை அதற்கு ஒரு இடம் கண்டுபிடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆண்டுத் திவசம் அன்று, கோயிலில் ஐயரைக் கொண்டு செய்விக்கிறதெல்லாம் செய்வித்துவிட்டு, மத்தியானம் பூங்காவுக்கு வந்தார். நெற்றியில் விபூதி. ஒரு கையில் பால் பெட்டி, மறு கையில் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கலன். நான் இருபது அடி தள்ளி வேலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டு தலையசைத்தார். கடைசிச் செடியின் முன்னால் குந்தி, நான் நவம்பரில் குவித்த பன்னத்தைக் கையால் பக்குவமாக விலக்கினார். ஒரு குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல அவ்வளவு கவனம். கழுத்துத் தெரிகிற அளவுக்கு மண்ணையும் கொஞ்சம் ஒதுக்கினார். பால் முழுவதையும் ஊற்றினார். பிறகு தண்ணீர். ஒரு கை தெளித்துவிட்டு நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. கலனைச் சரித்துப் பிடித்துக் கடைசிச் சொட்டுவரைக்கும் ஊற்றினார்.

அன்றிரவு உறையப்போகிறது என்று எனக்குத் தெரியும். காலையிலேயே ஆர்மெல் சொல்லியிருந்தார். நான் போய், "அண்ணை, வேண்டாம்" என்றிருக்கவேண்டும். இரண்டு சொல் போதும். செத்தவருக்குப் பால் ஊற்றுகிற ஒரு மனுசனின் கையை எப்படிப் பிடிப்பது? என் தகப்பனார் ஊரில் இறந்தபோதுகூட நான் அங்கே போய் நின்று எதையும் செய்யவில்லை. செய்கிற ஒருவரை மறிக்க எனக்கு என்ன உரிமை என்று நின்றேன். அவர் போன பிறகு ஓடிப்போய்ப் பன்னத்தைத் திரும்பக் குவித்தேன். அது இன்னும் பிழை. நனைந்த மண்ணின் ஈரம் வெளியே போகாமல் நானே மூடிவைத்தேன். ஐந்து நாள் மண் கல்லாக உறைந்து கிடந்தது.

ஏப்ரல் கடைசியில் வரிசை முழுவதும் அடியில் சிவப்பு முளைகள் வந்தன. கடைசிச் செடியில் இல்லை. அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அதன் முன்னால் நிற்பார். திங்கட்கிழமை வேலை முடிந்து போகும்போது எங்காவது என்னைப் பிடித்துவிடுவார். "தம்பி, அவவின்ர செடிதான் இன்னும் வரேல்லை. வருமோ?" நான், "ஜூன் மட்டும் பொறுங்கோ அண்ணை" என்பேன். அவர், "நீர் சொன்னால் சரி" என்று போவார். அந்தச் சொல் எனக்கு இரவுச் சோற்றை இறங்கவிடாது.

மே தொடக்கத்தில் ஆர்மெல் அந்தச் செடியைப் பார்த்தார். வழக்கம்போலக் குனிந்து சுரண்டினார். பிறகு வழக்கமில்லாமல், ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். "புளித்த பால் மணக்கிறது. யாராவது இங்கே பால் ஊற்றினார்களா, சிவம்?"

"தெரியாது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு, அது பெருமைப்படுகிற காரணம் இல்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் எதற்கும் எங்கள் ஆட்களைப் பற்றி ஒரு முறைப்பாடு வரும். கடை வாசலில் சத்தம், நடைபாதையில் பெட்டி. பூங்காவில் பால் ஊற்றுகிறார்கள் என்று இன்னொன்றும் சேர்ந்து, ஒரு அறிவித்தல் பலகையும் வைத்துவிட்டால், அண்ணையின் முகத்தில் நான் எப்படி முழிப்பது? அதைவிட, நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதும் வெளியே வந்துவிடும். ஆர்மெல் கத்தியை மடித்துப் பைக்குள் போட்டார். "சரி. அப்படியென்றால் ஜூன் முடியும்வரை காத்திருப்போம்" என்றார்.

மூன்று வாரம் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. ஆர்மெல் லீவில் போயிருந்த கிழமை ஒரு காலை, பூங்காக் கதவு திறப்பதற்கு முன்னால் அந்தச் செடியைத் தோண்டினேன். வேரில் முக்கால்வாசி கறுத்துக் கூழாகிக் கையோடு வந்தது. அழுகினதையெல்லாம் வெட்டினேன். வெட்ட வெட்டக் கறுப்புத்தான். கடைசியில் ஒரு முட்டை அளவு துண்டு மிஞ்சியது, அதில் ஒரு ஓரம் மட்டும் வெள்ளை. கழுவி, கரித்தூள் தடவி, முக்கால் பங்கு மணல் கலந்த சட்டியில் வைத்து, கருவிக் கொட்டகையின் யன்னலோரத்தில் ஒளித்தேன். நாற்றுக்கூடத்தில் இருந்து அதே இனத்தில் வளர்ந்த இன்னொரு செடியைக் கொண்டுவந்து வெறும் குழியில் நட்டேன். மண்ணை மிதித்துச் சரிசெய்து, மேலே பழைய சருகைத் தூவினேன். களவெடுக்கிறவன்கூட அவ்வளவு நேர்த்தியாகச் செய்யமாட்டான்.

ஜூனில் அது பூத்தது. தருமண்ணை ஒரு திங்கட்கிழமை கதவடியில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். என் இரண்டு கையையும் பிடித்தார். "தம்பி, வந்திட்டா. நீர் பொறுக்கச் சொன்னீர், நான் பொறுத்தன். இந்த முறை முந்தியைவிட நிறையப் பூவெல்லே" என்றார். கண்ணில் தண்ணீர். வாயில் கொழுக்கட்டை அடைத்ததுபோல நின்றேன். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டது இது மூன்றாவது தடவை.

ஜூலையில் சட்டியில் இருந்த துண்டு ஒரு முளை விட்டது. அதே நாளில் ஆர்மெல் அதைக் கண்டுபிடித்தார். யாருடையது என்று கேட்டார். எனக்கு இனி ஏலாது என்றாகிவிட்டது. கொட்டகைக்குள் தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா, திவசம், பால், நான் நின்றது, நான் மூடியது, ‘தெரியாது' என்றது.

"மே மாதம் நான் கேட்டபோது சொல்லியிருந்தால் அன்றைக்கே தோண்டியிருப்போம். பாதி வேரையாவது காப்பாற்றியிருக்கலாம்" என்றார். அது உண்மை. குளிர் கொன்றது பாதி, மிச்சத்தை என் பொய் கொன்றது. பிறகு கேட்டார்: "வருகிற ஜனவரியில் அவர் திரும்ப வருவாரா?"

"வருவார்."

"அப்படியென்றால் இரண்டாவதும் போகும். நீதான் சொல்லவேண்டும். நான் பலகை வைக்கமாட்டேன்."

நாள் கடத்தினேன். ஆவணியில் சொல்லலாம் என்றேன், புரட்டாதி வந்தது. பயம் எனக்கு ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று சொன்னால், போன தடவை என்ன நடந்தது என்று கேட்பார். நீங்களேதான் அக்காவின் செடியை அழித்தீர்கள் என்று அந்த மனுசனிடம் நான் சொல்லியாகவேண்டும். கடைசியில் நவம்பர் தொடக்கத்தில், முதல் பனிக்கு முன்னால், சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ரூ லூயி-பிளாங்குக்குப் போனேன். செடி அப்போது ஒரு முழம் வளர்ந்து, காலம் தப்பி ஒரேயொரு பூவும் வைத்திருந்தது. ஐந்து மாடியும் ஏறினேன். மூன்றாம் மாடியில் நின்று, திரும்பிவிடலாமா என்றும் யோசித்தேன்.

அண்ணை தேத்தண்ணி வைத்தார். நான் சட்டியை மேசையில் வைத்து, "அண்ணை, அக்காவின்ர செடி இதுதான். அங்கை நிக்கிறது நான் மாத்தி வைச்சது" என்று தொடங்கினேன். தொடங்கின பிறகு நிறுத்தவில்லை. இந்தச் செடி குளிரைத் தாங்கும், குளிரில் ஈரத்தைத் தாங்காது என்று சொன்னேன். நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதையும் சொன்னேன். "பிழை என்ர. உங்களை மறிச்சிருக்கவேணும்" என்றேன்.

அவர் சட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேத்தண்ணி ஆறி ஆடை படிந்துவிட்டது.

"அப்ப நான் ஊத்தின தண்ணியாலதான்" என்றார்.

நான் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"தம்பி, அவவுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸ் தண்ணிதான் குடுக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர். அதுக்கு மேல குடிச்சால் நெஞ்சுக்கை தண்ணி ஏறிச் செத்துப்போவா. மூண்டு வருசம். அவ கேப்பா, ‘இஞ்சேருங்கோ, ஒரு வாய்'. நான் குடுக்கமாட்டன். குழாயடிக்குப் போனால் பின்னாலை போவன். நான் வேலைக்குப் போகேக்கை குழாயை இறுக்கித் திருகிப் பூட்டும் போட்டிட்டுப் போவன். கடைசி நாளும் கேட்டவ தம்பி. டொக்டர் என்ன சொன்னவர் எண்டு நான் ஞாபகப்படுத்தினன்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செத்தாப் பிறகாவது வயிறாரக் குடிக்கட்டும் எண்டுதான் அந்தக் கலன் முழுக்க ஊத்தினன். அதுவும் கூடாதெண்டால் நான் என்ன செய்ய?"

தோட்ட வேலையில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் அன்றைக்கு உதவக்கூடிய ஒன்று இருந்ததற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

"குளிருக்கை மட்டுந்தான் கூடாது அண்ணை. வெயில் காலத்திலை இதுக்குத் தாகம் கூட. வேர் ஆழம் போறேல்லை, ஒரு நாள் விட்டாலும் தலை தொங்கிப்போகும். அப்ப கேக்கக் கேக்கக் குடுக்கலாம். எவ்வளவு குடுத்தாலும் ஒண்டும் செய்யாது."

"கேக்கக் கேக்கவோ?"

"ஓம் அண்ணை."

அதற்குப் பிறகுதான் அவர் சத்தமாக அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அந்தத் தை மாதம் அண்ணை வெறுங்கையோடு வந்தார். காய்ந்த பன்னக் குவியலின் முன்னால் கைகட்டிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அது அவருக்கு லேசாக இருந்திருக்காது. மே நடுவில் நானும் ஆர்மெலும் மாற்றுச் செடியை வேறிடத்துக்கு எடுத்துவிட்டு, சட்டியில் குளிர்காலம் தாண்டிய அக்காவின் செடியை அதன் பழைய இடத்திலேயே நான்கு விரல் ஆழமாக நட்டோம்.

அந்த ஜூலையில் வெயில் கொளுத்தியது. பக்கத்து ரயில் பாதைகளில் இருந்து அனல் அடித்தது, பூங்காவில் புல் மஞ்சளாகிவிட்டது. ஃபியூசியாக்கள் மத்தியானத்தில் துவண்டு விழும். காலை ஆறரைக்கு நான் கதவைத் திறக்கும்போது தருமண்ணை வெளியே நிற்பார், கையில் அந்தக் கலன். ஐந்து மாடி இறக்கிக்கொண்டு வந்திருப்பார். பூங்காவுக்குள்ளேயே குழாய் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டுத் தண்ணீர்தான் வேண்டும் என்றார். வேரடியில் குந்தி, அவசரமில்லாமல் ஊற்றுவார். மண் உறிஞ்சி முடிக்கும்வரை பொறுப்பார். திரும்ப ஊற்றுவார்.

ஒரு நாள் கலன் காலியாக வந்தபோது, செடியின் பக்கம் குனிந்து, "போதுமே?" என்று கேட்டார்.

நான் குழாயடியில் நின்றேன். அவர் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் இந்த முறை நான் பேசாமல் நிற்கவில்லை.

"போதாது அண்ணை" என்று சொல்லிக்கொண்டு கலனை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். "இன்னும் குடுங்கோ."